காற்றை அளந்த ஆஸ்கோவ் வாத்தியார்

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, எனது ஒன்றுவிட்ட அண்ணன் சொந்தமாக ஒரு காற்றாலை செய்வதென்று முடிவெடுத்தார். பழைய லொறியொன்றின் ஓல்டனேட்டரை எடுத்து, தகரத்தில் எட்டு அகலத் தகடுகள் வெட்டிப் பூட்டி, வளவுக்குள் குழாய்க் கம்பத்தில் ஏற்றினார். சோளகம் வந்ததும் அது அழகாகச் சுற்றியது. ஆனால் பல்ப் எரியவில்லை.

பிழை காற்றிலும் இல்லை, ஓல்டனேட்டரிலும் இல்லை. இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் கேட்கும் இயந்திரத்தை, மெதுவாகச் சுற்றும் அகலத் தகடுகளோடு அவர் நேரடியாகப் பிணைத்திருந்தார். இந்தப் பொருத்தத்தை முறையாக அளந்து பார்த்த முன்னோடி யார் என்று தேடியபோதுதான் போல் லா கூர் என்ற டென்மார்க் ஆசிரியரின் வாழ்க்கைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

லா கூர் 1846 இல், எபெல்டொஃப்ட் என்ற சிறு நகருக்கு அருகே, விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். வானிலை ஆய்வாளராகத் தொழிலைத் தொடங்கியவர், ஒரே கம்பியில் பல தந்திச் செய்திகளை அனுப்பும் வழிகளைக் கண்டுபிடித்துப் பெயரெடுத்தார். தலைநகரிலேயே இருந்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1878 இல் ஆஸ்கோவ் என்ற கிராமத்துக்குப் போய், அங்கிருந்த மக்கள் உயர்பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கத் தொடங்கினார். விவசாயிகளின் பிள்ளைகள் படித்த, பரீட்சை இல்லாத பள்ளி அது.

நகரங்களுக்கு மின்விளக்கு வந்துகொண்டிருந்த காலம். வெளிச்சம் நகரத்தோடு நின்றுவிட்டால் இளைஞர்களும் கிராமத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. டென்மார்க்கில் நிலக்கரி இல்லை, பெரிய நீர்வீழ்ச்சியும் இல்லை. தாராளமாக இருந்தது காற்று மட்டுமே. 1891 இல் அரச உதவியுடன் ஆஸ்கோவில் மின்சாரத்துக்கான தனது முதல் காற்றாலையை நிறுவினார்.

முதல் சிக்கல் காற்றின் குணம். அது ஒரே சீராக வீசாது, ஆனால் டைனமோவுக்குச் சீரான சுழற்சி வேண்டும். இதற்காக அவர் கிராட்டோஸ்டாட் என்ற சாதனத்தை உருவாக்கினார். காற்றாலையிலிருந்து டைனமோவுக்குப் போகும் பட்டியின் இழுவையை ஒரு பாரம் கட்டுப்படுத்தும். காற்று மிஞ்சினால் பட்டி வழுக்கும், டைனமோ தப்பிக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் சேமிப்பு. மின்கலங்கள் விலை கூடியவை. ஆகவே மின்சாரத்தால் நீரைப் பிரித்து, கிடைத்த ஐதரசனைத் தாங்கியில் சேர்த்தார். 1895 முதல் 1902 வரை அந்தப் பள்ளியின் விளக்குகள் ஐதரசனில்தான் எரிந்தன. ஐதரசனோடு ஒட்சிசன் சிறிது கலந்துபோனதால் பள்ளியின் யன்னல்கள் வெடித்துச் சிதறிய சம்பவங்களும் உண்டு. அதற்காக அவர் வேலையை நிறுத்தவில்லை.

அவருடைய பெரிய பங்களிப்பு இறக்கைகள் பற்றியது. 1890களின் பிற்பகுதியில் விசிறியால் காற்றை ஊட்டும் குழாய்களைச் செய்து, அதற்குள் சிறு மாதிரி இறக்கைகளை வைத்து, எத்தனை இறக்கை, எந்தச் சரிவு, என்ன வடிவம் என்று ஒவ்வொன்றாக அளந்தார். இறக்கை கூடினால் சக்தியும் கூடும் என்ற பொது நம்பிக்கை பிழை என்பது தெரியவந்தது. நிறைய இறக்கைகள் மெதுவாக, ஆனால் பலமாகத் திரும்பும். கிணற்றில் தண்ணீர் இறைக்க அது நல்லது. டைனமோவுக்கு வேண்டியது வேகம், அதற்குக் குறைந்த இறக்கைகளே பொருத்தம். அவர் சிபாரிசு செய்த ஆலைக்கு இறக்கைகள் நான்கு மட்டுமே.

இந்த அறிவை அவர் பூட்டி வைக்கவில்லை. 1903 இல் காற்று மின்சாரத்துக்கான சங்கமொன்றை ஆரம்பித்து, அடுத்த ஆண்டிலிருந்து கிராமத்து இளைஞர்களை மின்தொழில்நுட்பத்தில் பயிற்றுவித்தார். 1908 இல் 62 வயதில் காலமானார். பத்து ஆண்டுகளில் டென்மார்க்கின் சுமார் 120 கிராமிய மின்நிலையங்களில் காற்றாலைகள் சுற்றின.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் யோஹானஸ் யூல். 1957 இல் கெட்சர் என்ற இடத்தில் யூல் இயக்கிய 200 கிலோவாட் காற்றாலைக்கு மூன்று இறக்கைகள். காற்று எல்லை மீறினால் இறக்கைகள் தாமாகவே உந்துதலை இழந்து மின்பிறப்பாக்கியைக் காப்பாற்றும்படி அவற்றின் வடிவம் அமைந்திருந்தது. ஆசிரியர் தொடங்கிய பொருத்தம் மாணவரிடம் முழுமை பெற்றது.

மன்னாரின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளும் டென்மார்க் நிறுவனமொன்றின் தயாரிப்பே. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மூன்று இறக்கைகள். 2025 இல் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். அந்தச் செய்திகளை வாசித்தபோது லா கூரைத்தான் நினைத்தேன். அவருடைய ஆலை முதலில் வெளிச்சம் கொடுத்தது அது நின்ற ஊருக்கு. அதைப் பழுதுபார்க்கக் கற்றவர்களும் ஊர்ப் பிள்ளைகள். இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள பொருத்தத்தை நாம் விலைக்கு வாங்கிவிட்டோம். ஆலைக்கும் ஊருக்கும் இருக்கவேண்டிய பொருத்தத்தை இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

அண்ணனின் ஓல்டனேட்டர் இப்போது கொட்டிலுக்குள் கிடக்கிறது. தகடுகளை மூன்றாக்கி, பெரிய கப்பியும் பட்டியும் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சோளகத்துக்கு ஏற்றுவதாகச் சொல்கிறார்.