பார்வை இழந்தும் ஒளி தந்த டாலேன்



கேஸ் கட்டிங் பிராக்டிகல்ல நாசிலும் ஆக்சிஜன் அழுத்தமும் தகட்டைப் பொறுத்தது. 10 மி.மீ. தகடுன்னா 3/64 அங்குல நாசில், 25 மி.மீ.ன்னா 1/16. தடிமன் ஏற ஏற ஆக்சிஜனையும் 2 கிலோ, 3 கிலோன்னு ஏத்தறோம். ஆனால் அசிட்டிலீனை மட்டும் 1 கிலோவுக்கு மேல் ஏத்தவே விடமாட்டாங்க. இந்தக் கட்டுப்பாட்டின் அருமை, கஸ்டாஃப் டாலேனின் வாழ்க்கையைப் படித்தால் புரியும்.

சுவீடன் நாட்டில் ஸ்டென்ஸ்டார்ப் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் 1869 நவம்பர் 30-ஆம் நாள் பிறந்தவர் டாலேன். பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த இந்த இளைஞர், பாலின் கொழுப்பை அளக்க ஒரு கருவி செய்து, புகழ்பெற்ற பொறியாளர் டி லாவலிடம் காட்டினார். முறையாகப் படித்துவிட்டு வா என்று அவர் அனுப்பிவைத்தார். டாலேனும் கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1896-இல் தேர்ச்சி பெற்றார்.

அசிட்டிலீன் பொல்லாத வாயு. அழுத்தம் கூடினால் காற்றோ ஆக்சிஜனோ இல்லாமலே வெடிக்கும். அசிட்டோனில் கரைத்தால் அடங்கும் என்பதைப் பிரான்சில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் சிலிண்டருக்குள் அடைத்த நுண்துளைப் பொருள், வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் பொடிந்தது. அங்கே உண்டான வெற்றிடத்தில் வாயு சேர்ந்தால் ஆபத்துதான். பொடியாத ஒரு பொருளை டாலேன் உருவாக்கினார். அசிட்டிலீன் பத்திரமாக ஊர் ஊராகப் போனது. ஆளில்லாத கலங்கரை விளக்குகளைப் பகலில் தானே அணைக்கும் சூரிய வால்வையும் 1907-இல் கண்டுபிடித்தார்.

1912 செப்டம்பரில் சிலிண்டர் பாதுகாப்புச் சோதனை ஒன்றில் வெடி விபத்து. டாலேனின் இரண்டு கண்களும் போயின. வயது 42. அதே ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கண் மருத்துவரான அண்ணன் போய் வாங்கிவந்தார். டாலேன் மூலையில் உட்காரவில்லை. பார்வையில்லாமலே ஆகா நிறுவனத்தை நடத்தினார், 1922-இல் ஆகா அடுப்பை வடிவமைத்தார். 1937-இல் மறையும்வரை உழைத்தார்.

நம்ம ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் மெரூன் சிலிண்டருக்குள்ளும் அதே தத்துவம்தான். அதனால்தான் அதைப் படுக்கப்போட்டு உபயோகிக்கக் கூடாது. அசிட்டோனும் சேர்ந்து வந்துவிடும். பெரிய நாசில் போட்டால் வாயு அதிகம் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் சிலிண்டரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுக்காதீங்க. தேவைப்பட்டால் இரண்டு சிலிண்டரை இணையுங்கள். நெருப்பு சரியா வரலைன்னா நாசிலைச் சுத்தம் பண்ணுங்க, தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்க. அசிட்டிலீன் ரெகுலேட்டரை முறுக்காதீங்க.

அந்தச் சிவப்புக் கோடு அழகுக்குப் போட்டதல்ல, நண்பர்களே. நம் கண்களைக் காக்கப் போட்டது.