திருப்தியா, இல்லையா? ஐந்து கட்டப் படிவத்தைத் தந்த ரென்சிஸ் லிக்கர்ட் யார்?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இந்தப் படிவம் பழக்கமானதுதான். ஆசிரியர் நடத்துவது புரிகிறதா என்பது போல ஒரு கேள்வி, அதற்குக் கீழே ஐந்து கட்டங்கள். ஒன்றை டிக் செய்தால் வேலை முடிந்தது. படிப்பு முடிந்து சிப்காட் ஆலைக்குள் போனாலும், ஊழியர் திருப்திப் படிவம் பெரும்பாலும் இதே ஐந்து கட்டத்தோடுதான் வரும்.

எல்லை தாண்டினால் பெங்களூரு. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் ‘நாக்’ அமைப்பின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 2017-ல் மதிப்பீட்டு முறையை மாற்றியபோது, அது மாணவர் திருப்தி ஆய்வையும் சேர்த்தது. கற்பித்தல் பற்றி 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கடைசியில் சொந்தமாக எழுத ஓர் இடம். இந்த அளவுகோலின் மூலவர்தான் லிக்கர்ட்.

ரயில்வேயில் கிடைத்த பாடம்

ரென்சிஸ் லிக்கர்ட் 1903-ல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பிறந்தார். அப்பா ரயில்வே பொறியாளர். மகனும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தார். 1922 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அவர் யூனியன் பசிபிக் நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தார். நிர்வாகமும் தொழிலாளர்களும் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்ளாதது அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. பொறியியலை விட்டுச் சமூகவியலுக்கு மாறினார். 1932-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

நடுவர் எதற்கு?

அதற்கு முன்பே மனப்பான்மையை அளக்க தர்ஸ்டன் என்பவர் வகுத்த முறை இருந்தது. ஆனால் அது பெரிய வேலை. ஏராளமான நடுவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் 11 குவியலாகப் பிரிக்க வேண்டும். அதன் பிறகுதான் கேள்வித்தாளே தயாராகும்.

லிக்கர்ட் நடுவர்களை எடுத்துவிட்டார். கல்லூரி மாணவர்களிடமே நேராகக் கேட்டார். உலக அமைதி, இனப் பாகுபாடு போன்றவை பற்றிய வாக்கியங்களைக் கொடுத்து, முழுமையாக ஏற்பதில் தொடங்கி முழுமையாக மறுப்பது வரை ஐந்து விடைகள் வைத்தார். 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டினார். சிக்கலான கணக்கு தந்த முடிவும் இந்த எளிய கூட்டலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒற்றைக் கேள்வியை வைத்து அவர் யாரையும் அளக்கவில்லை, பல விடைகளைக் கூட்டித்தான் அளந்தார். வாக்கியங்களில் பாதியைச் சாதகமாகவும் பாதியைப் பாதகமாகவும் வைக்கச் சொன்னார். படிக்காமலே ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டு போனால், விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்ட பிறகு என்ன?

1946-ல் மிச்சிகனில் கருத்தாய்வு மையத்தைத் தொடங்கினார். சமூக ஆய்வு நிறுவனமாக வளர்ந்த அமைப்பை 1970 வரை வழிநடத்தினார். 1981-ல் மறைந்தார்.

அந்த மையத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் மான், டெட்ராய்ட் எடிசன் மின் நிறுவன ஊழியர்களிடம் ஆய்வு நடத்தினார். முடிவுகளைச் சில பிரிவுகளில் ஊழியர்களிடமே திருப்பிக் கொடுத்து, உட்கார்ந்து பேச வைத்தார்கள். மற்ற பிரிவுகளில் அப்படிச் செய்யவில்லை. பேசிய பிரிவுகளில்தான் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது.

நம் கல்லூரிகளுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் மாவட்டம் இது. ஆங்கிலக் கேள்வி புரியாமல் ஒருவர் நடுக்கட்டத்தை டிக் செய்தால், அது நடுநிலை ஆகாது. வகுப்பில் பாதிப் பேர் 4, மீதிப் பேர் 0 போட்டாலும் சராசரி 2. எல்லோரும் 2 போட்டாலும் அதே 2. முதல் வகுப்பில் பாதிப் பேர் தவிக்கிறார்கள் என்பதைச் சராசரி சொல்லாது. கற்பித்தல் பற்றிய கேள்விகளில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டதால் மாணவர் மனநலமும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதற்குத் தனிக் கேள்விகள் வேண்டும்.

பேராசிரியர் பக்கத்தில் நிற்கும்போதோ, பெயர் தெரிந்துவிடும் என்ற பயத்திலோ போடும் டிக்குக்கு மதிப்பில்லை. முடிவை அறிக்கையில் சேர்த்துப் பீரோவில் பூட்டினாலும் பயனில்லை. வகுப்புக்குத் திரும்பப் போய், இதுதான் நீங்கள் சொன்னது, எதை முதலில் மாற்றலாம் என்று மாணவர்களிடமே கேட்டால்தான் அந்த ஐந்து கட்டங்களுக்குப் பலன் உண்டு.