ஓவியர் நந்தலால் போஸ்

மார்கழித் திங்களின் இறுதி நாளில் எடப்பாடியைச் சூழ்ந்த சிற்றூர்களில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து வீட்டுக் கூரையில் காப்புக் கட்டுவர். மாட்டுப் பொங்கலன்று எருதுகளின் கொம்புகளுக்கு வண்ணம் பூசுவர். ஆடிப் பதினெட்டில் பூலாம்பட்டிக் காவிரித் துறையில் மக்கள் திரள்வர். ஆண்டுதோறும் கண்டு பழகிய இக்காட்சிகள் ஓவியத்துக்குரிய பொருள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்? இறைவரும் அரசரும் புராணத் தலைவருமே ஓவியத்துக்கு உரியர் என்று பலர் கருதியிருந்த காலத்தில், உழவரின் விழாவைச் சுவரிலும் கொட்டுக்காரரின் ஆட்டத்தை வழியோரத்திலும் தீட்டி வைத்தார் ஓர் ஓவியர். அவரே நந்தலால் போஸ்.

வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் பீகாரிலுள்ள கரக்பூரில் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானத்தில் பணியாற்றியவர். அன்னையார் பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். குயவர் மண் பிசைந்து உருவங்கள் வனைவதைச் சிறுவர் நந்தலால் மணிக்கணக்காக நின்று பார்ப்பார். தாமும் செய்து பார்ப்பார். கல்வியின் பொருட்டுக் கல்கத்தா சென்ற அவருக்குக் கல்லூரிப் பாடங்களில் மனம் செல்லவில்லை. தேர்வுகளில் தோல்வியே கிட்டியது. வணிகக் கல்வியும் கைகூடவில்லை. வேறு வழியின்றிக் குடும்பத்தார் இசைய, 1905-இல் அரசினர் ஓவியப் பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவரானார். அத்தோல்விகள் நேராதிருப்பின் நம் நாடு ஒரு கணக்கரைப் பெற்று ஓவியரை இழந்திருக்கும்!

தொடக்கத்தில் அவரும் புராணக் கதைகளையே மிகுதியாகத் தீட்டினார். அஜந்தா சென்று, குகைச் சுவர்களிலுள்ள பழைய ஓவியங்களைப் படியெடுத்தார். அங்கே புத்தர் பெருமானின் வரலாற்றுக்கு நடுவே பணிப்பெண்களும் வணிகரும் யானைப்பாகரும் உயிரோடு உலவக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் நெடுங்காலம் தங்கியிருக்க வேண்டும்.

இரவீந்திரநாத் தாகூர் அவரைச் சாந்திநிகேதனத்துக்கு அழைத்துக்கொண்டார். 1922-இல் நந்தலால் அங்குள்ள கலாபவனத்தின் தலைவரானார். சாந்திநிகேதனத்தில் பருவந்தோறும் விழா உண்டு. வேனிலின் தொடக்கத்தில் வசந்த விழா; கார்காலத்தில் மழையை வரவேற்கும் விழா. 1928-இல் மரம் நடும் விழாவும் ஏர் பூட்டும் விழாவும் தொடங்கின. மரக்கன்றைப் பல்லக்கில் ஏற்றி, ஆடலும் பாடலுமாக ஊர்வலம் கொண்டு செல்வர். இவ்விழாக்களுக்குரிய அணிகளையெல்லாம் அமைத்தவர் நந்தலாலே. வங்கப் பெண்டிர் அரிசி மாவைக் கரைத்து விரலால் தரையில் வரையும் ஆல்பனாவைக் கலாபவனத்தில் மாணவர் முறையாகப் பயிலுமாறு செய்தார். அது நம் மாக்கோலத்துக்கு உடன்பிறப்பு எனலாம்.

ஏர் பூட்டும் விழாவில் எருதுகளுக்கு அணி பூட்டி, கவிஞரே கலப்பையைப் பிடித்து நிலத்தை உழுதார். அவ்விழாவை நந்தலால் 1930-இல் ஸ்ரீநிகேதனத்துச் சுவரொன்றில் பெரிய ஓவியமாகத் தீட்டினார். ஈரச் சுண்ணத்தில் வண்ணம் ஏற்றும் முறை அது. சுண்ணம் உலர்வதற்குள் கை முந்த வேண்டும். தவறினால் திருத்துதல் அரிது.

எனினும் அவர்தம் கலைக்குப் பெருஞ்சோதனை 1938-இல் வந்தது. குஜராத்திலுள்ள ஹரிபுரா என்னும் சிற்றூரில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. மாநாட்டு நகரை அணிசெய்யும் பணியை நந்தலாலிடம் ஒப்படைத்தார் காந்தியடிகள். அருங்காட்சியகத்தை அறியாத சிற்றூர் மக்கள் நடந்து செல்லும் வழியிலேயே ஓவியத்தைக் காண வேண்டும். அவ்வூரிலேயே கிடைக்கும் எளிய பொருள்களால் அது அமைய வேண்டும் என்பது அடிகளின் விருப்பம். படம் எழுதத் தெரிந்தோர் பலர் இருக்கலாம். தம் படத்தை வெயிலுக்கும் புழுதிக்கும் விட்டுவிட இசைவோர் சிலரே.

நந்தலால் இசைந்தார். கையால் செய்த தாளில் மண் வண்ணங்களைக் கொண்டு, தடித்த கோடுகளால் விரைந்து தீட்டினார். மாணவர்களும் துணை நின்றனர். அவர் எழுதிய எண்பதுக்கு மேற்பட்ட படங்களில் கொட்டு முழக்குவோர் உளர். நெல் குத்தும் பெண்டிர் உளர். தச்சரும் தையற்காரரும் வேடரும் மற்போர் வீரரும் உளர். முழவை அணைத்து வளைந்தாடும் கொட்டுக்காரரின் உருவில், கால் முதல் தலை வரை ஒரே தாளம் ஓடுவதைக் காணலாம். வாயில்களிலும் கடைகளின் முகப்பிலும் அப்படங்கள் தொங்கின. வண்டி பூட்டி வந்த உழவர் தம்மைப் போன்றோரையே அங்கே கண்டனர்.

இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் படியை அவரும் மாணவரும் ஓவியங்களால் அணிசெய்தனர். இன்று அவர் புகழ் பெரிதும் அதனால் பரவியுள்ளது. ஆயினும் ஹரிபுராப் படங்களே அவர்தம் கலையின் கொடுமுடி என்பது என் கருத்து. 1954-இல் அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கிற்று. முதுமையிலும் சிறு அட்டைகளில் மரத்தையும் ஆட்டையும் வழிப்போக்கரையும் வரைந்து நண்பர்க்கு அனுப்பி வந்தார். 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் மறைந்தார். வழியோரத்தில் தொங்கிய ஹரிபுராப் படங்கள் பல இப்பொழுது புது தில்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பேணப்படுகின்றன.