நுரையீரலின் இரத்த ஓட்டத்தைச் சொன்ன இப்னு நஃபீஸ்

இப்னு சீனாவின் 'அல்கானூன்' யுனானி மருத்துவத்தின் அடிப்படை நூல்களில் ஒன்று. அந்த மாபெரும் கிதாபிலேயே ஒரு பிழை உண்டு எனத் துணிந்து எழுதியவர் இப்னு நஃபீஸ் (ரஹ்).

13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸ் வட்டாரத்தில் பிறந்த அவர், அங்குள்ள நூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். பின்னர் கெய்ரோவில் புகழ்பெற்ற மருத்துவரானார். ஷாஃபி மத்ஹபின் ஃபிக்ஹையும் அங்கே மத்ரஸாவில் போதித்தார்.

இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு, நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே இரத்தம் கசிகிறது என்றார் கிரேக்க மருத்துவர் கேலன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அதை மறுக்கவில்லை. இப்னு சீனாவும் இடையில் வழி இருப்பதாகவே எழுதினார்.

1242-ல், கானூனின் உடற்கூறு பகுதிக்கு விளக்கவுரை எழுதியபோது, அந்தச் சுவர் கெட்டியானது, அதில் துளையே இல்லை என்றார் இப்னு நஃபீஸ். இரத்தம் வலது அறையிலிருந்து நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து இடது அறைக்குத் திரும்புகிறது என விளக்கினார்.

இதற்கு அவர் காட்டிய சான்று குழாய்களின் அமைப்பு. நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் சுவர் தடிப்பானது. திரும்பக் கொண்டுவரும் குழாயின் சுவர் மெல்லியது. இரண்டுக்கும் இடையே சிறு வழிகள் இருக்க வேண்டும் என்று கணித்தார். இன்று அவற்றைத் தந்துகிகள் என்கிறோம். 1661-ல்தான் இத்தாலியின் மால்பிகி, தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்ணோக்கியால் கண்டார். இப்னு நஃபீஸ் காலத்தில் நுண்ணோக்கியே கிடையாது.

கடைசி நோயில் மருந்தாக மது கொடுக்கப்பட்டபோது அவர் மறுத்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு விட்டுச்சென்று, 1288-ல் (ஹிஜ்ரி 687) வஃபாத்தானார்.

ஆனால் அவருடைய கண்டுபிடிப்பை உலகம் மறந்தது. 1924-ல் ஜெர்மனியில் படித்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார்.

உடல் முழுவதும் இரத்தம் சுற்றுவதை 1628-ல் நிறுவியவர் வில்லியம் ஹார்வி; அந்தப் பெருமை அவருக்கே உரியது. நுரையீரல் வழியை அவருக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் முன்பே எழுதிவைத்தவர் இப்னு நஃபீஸ். பாடப்புத்தகத்தில் ஹார்வியைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.