சிவனொளிபாத மலையில் இபின் பதூதா

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆரணிக்காரர்களாகிய நமக்கு மலையேற்றம் என்றால் பருவதமலைதான். சென்ற ஆண்டு அப்பாவுடனும் பாட்டியுடனும் நானும் சென்றேன். கடப்பாறைப் படியில் சங்கிலியைப் பிடித்தபடி கீழே பார்த்துவிட்டேன். கால்கள் நடுங்கின. அழுதுகொண்டே திரும்பிவிட்டேன். பாட்டியோ உச்சிக்கே போய்வந்தார்! அந்த வெட்கம் ஆறாமல் இருந்தபோதுதான் இவருடைய வரலாற்றைப் படித்தேன்.

இபின் பதூதா 1304ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டின் டாஞ்சியர் நகரில் பிறந்தார். 1325இல், இருபத்தொரு வயதில், மெக்கா யாத்திரைக்காகப் பெற்றோரைப் பிரிந்து தனியே புறப்பட்டார். நாடு திரும்ப 24 ஆண்டுகள் ஆயின. டில்லியில் முகமது பின் துக்ளக்கிடமும், பின்பு மாலத்தீவிலும் நீதிபதியாக இருந்தார். அதெல்லாம் பெரிய கதை. நான் மலைக்கு வருகிறேன்.

1344இல் மாலத்தீவிலிருந்து நம் தமிழகக் கரைக்குப் புறப்பட்ட அவருடைய கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளியது. கடலிலிருந்தே புகைத்தூண் போல் அம்மலை தெரிந்ததாம். புத்தளத்தில் அவரை வரவேற்ற தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களைப் பரிசளித்து, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். மலையுச்சியில் உள்ள பாதச்சுவட்டைக் காண வேண்டும் என்றார் இவர். மன்னர் பல்லக்கோடு நான்கு யோகியரையும், மூன்று அந்தணரையும், பத்துத் துணைவரையும், உணவு சுமக்கப் பதினைந்து ஆட்களையும் உடன் அனுப்பினார்.

மலையின் உயரம் 7,359 அடி. அச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். இஸ்லாமியர் ஆதாமுடையது என்பர். புனித தோமையாருடையது என்ற கிறிஸ்தவர்களும் உண்டு. வழியெல்லாம் அட்டைகள். மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் தாவி ஒட்டிக்கொள்ளும். அவற்றின்மேல் பிழிவதற்கென்றே எலுமிச்சம்பழம் கொண்டுபோவார்களாம். (பாட்டியிடம் சொன்னேன், உப்பும் போதுமே என்றார்.)

பிறகு செங்குத்தான பாறை. அதில் இரும்புச் சங்கிலிகள், மொத்தம் பத்து. பத்தாவது சங்கிலிக்குப் பெயரே விசுவாச அறிக்கைச் சங்கிலி! அங்கே நின்று கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சித் தம்மை அறியாமலே இறைவனை அறிக்கையிடுவாராம். ஆக, நடுங்கியவள் நான் ஒருத்தி மட்டும் அல்ள். மேகங்கள் தமக்குக் கீழே மிதப்பதை இபின் பதூதா கண்டார். வழக்கப்படி மூன்று நாள் குகையில் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்கு ஏறிச் சுவட்டைத் தரிசித்தார்.

திரும்புகையில் தமிழகக் கரையருகே கப்பல் உடைந்தது. மற்றவர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலிலேயே விடியும்வரை இருந்தார். ஊர்மக்கள் படகில் வந்து மீட்டனர். அங்கிருந்து அவர் சுல்தானைக் காணச் சென்ற ஹர்காத்து என்னும் ஊர் நம் பக்கத்து ஆற்காடுதான் என்பாரும் உண்டு. மதுரையில் கொடிய காய்ச்சல் கண்டது. புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தார். பின்னர் மேற்குக் கடலில் கொள்ளையர் மறித்து, மன்னர் தந்த முத்துக்கள் உட்பட எல்லாவற்றையும் பறித்துக்கொண்டனர்.

1355இல் மொராக்கோவின் பெஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல, இபின் ஜுஸய் என்ற அறிஞர் பயண நூலை எழுதி முடித்தார். முத்துக்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அட்டையும் எலுமிச்சையும் பத்துச் சங்கிலிகளும் அவருக்கு நினைவில் இருந்தன.