பேராசிரியர் ஆர். நரசிம்மனும் 2700 வால்வுகளும்

மலருக்கு ஒரு விஞ்ஞானி வரலாறு வேணும்னு சங்கச் செயலாளர் கேட்டதும், எல்லாரும் எழுதுகிற பெயர்களை விட்டுவிட்டு பேராசிரியர் ஆர். நரசிம்மனை எடுத்துக்கொண்டேன். நம்ம சென்னைக்காரர் என்பது ஒரு காரணம். இன்னொன்று என் சொந்தக் கதை, கடைசியில் சொல்கிறேன்.

1926-ல் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தார். அமெரிக்காவில் கால்டெக்கில் எம்.எஸ்., இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். 1954-ல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நம் நாட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்துக் கட்டுவதுதான் அவர் குழுவின் வேலை. 1956-ல் சின்ன மாதிரி ஓடியது. முழு மெஷின் 1960-ல் இயங்க ஆரம்பித்தது. 1962-ல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

உள்ளே 2700 வால்வுகள், 1700 ஜெர்மேனியம் டையோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். பழைய ரேடியோவில் சிவப்பா எரியுமே, அந்த வால்வுதான். இங்கேதான் நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு வால்வு சராசரியா 10,000 மணி நேரம் உழைக்கும்னு ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது ஒரு வருஷத்துக்கும் மேல்! ஆனால் 2700 வால்வு இருந்தால்? 10,000-ஐ 2700-ஆல் வகுத்தால் 3.7. நாலு மணி நேரத்துக்குள்ளே எங்கேயாவது ஒன்று போயிடும். எம்.டி.பி.எஃப். என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது எரியாது, தேயாது. எழுதும்போதே நுழைந்த பிழை, அந்த இடம் ஓடும்போதுதான் தலைகாட்டும். அதனால் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதோடு, நின்றபோது என்ன வேலை நடந்தது என்றும் குறிக்கணும்.

நரசிம்மன் 1965-ல் இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவர் ஆனார். 1977-ல் பத்மஸ்ரீ. 2007 செப்டம்பரில் மறைந்தார். நம்ம செட்டில் பலர் பிறந்த சமயம் அது.

இப்போ என் கதை. போன வருஷம் ஒரு லேபில் நான் உட்காரும் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றது. எனக்குத் தொடத் தெரியலைன்னு பேச்சு வந்தது. எங்க வீட்டில் நான்தான் முதலில் படிக்க வந்தவன்; அந்தப் பேச்சு ராத்திரி தூங்க விடலை. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா மெஷின் நின்றால் சுவரில் சாக்பீஸில் ஒரு கோடு போடுவார். நானும் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன், யார் உட்கார்ந்தாலும். ஆறு வாரத்தில் 60 மணி நேரம், 9 தடவை நின்றது. அதில் 4 கரண்ட் போனது. மீதி 5. ஆக, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அந்த அஞ்சில் நாலு, பிரிண்ட் கொடுக்கும்போது. மூணு, நான் உட்காராத நாள். சாரிடம் காட்டினேன். பிரிண்டர் டிரைவரை மாற்றிப் போட்டார்கள்.

நோட்டை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கரண்ட் போன நாலைக் கழிச்சியே, அது சரி என்றார். கரண்ட் இல்லைன்னா லேத்தையா திட்டுவாங்க என்று கேட்டுவிட்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.