பியாட்ரிஸ் ஷில்லிங்: ஒரு சின்னத் துளையின் கதை

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு டூ வீலர் மெக்கானிக் கடையில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. வண்டி இழுக்கலைன்னு சொன்னா, அவர் முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்ப்பார். கரி அப்பியிருந்தா பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். வெள்ளையா வெளிறியிருந்தா காற்று அதிகம், அதாவது லீன். காபிப்பொடி நிறம்னா சரியான கலவை. செமஸ்டர் பேப்பர்ல நீங்க 14.7-க்கு 1 என்று எழுதுற காற்று-எரிபொருள் விகிதத்தைத்தான் அவர் கண்ணாலேயே படிக்கிறார்.

இந்த விகிதம் தடுமாறினா நமக்கு மைலேஜ் போகும். 1940-ல் அது தடுமாறியபோது போர் விமானிகள் நடுவானில் மாட்டிக்கொண்டார்கள். அந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் பியாட்ரிஸ் ஷில்லிங்.

1909-ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். அப்பா இறைச்சிக்கடைக்காரர். 14 வயதிலேயே சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். பள்ளி முடிந்ததும் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியாளரிடம் மின்சார வேலை கற்றார். அவர் தூண்டுதலில்தான் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் சேர்ந்தார். 1932-ல் பட்டம், பிறகு மெக்கானிகலில் முதுகலை. (டிபார்ட்மென்ட் மாறினா வாழ்க்கையே போச்சுன்னு நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.) அதன்பின் பர்மிங்ஹாமில் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒற்றை சிலிண்டர் இஞ்சினில் ஆராய்ச்சி.

வார இறுதியில் ரேஸ். 1934-ல் ப்ரூக்லேண்ட்ஸ் ரேஸ் தளத்தில் தன் நார்ட்டன் 500 சிசி வண்டியில் மணிக்கு 106 மைல், அதாவது 170 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி, 100 மைலைத் தாண்டுபவர்களுக்குக் கொடுக்கும் தங்க நட்சத்திரத்தை வாங்கினார். அந்த வண்டியை டியூன் செய்ததும் அவரேதான்.

1936-ல் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கார்புரேட்டர்தான் அவருடைய துறை ஆனது. நான்கே ஆண்டில் பிரச்சினை வாசலுக்கு வந்தது.

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்: 27 லிட்டர், 12 சிலிண்டர், ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல். எதிரியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் நேரடி எரிபொருள் இன்ஜெக்‌ஷன். ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்து டைவ் அடித்தால் இஞ்சின் அசராது. பின்னால் துரத்தும் மெர்லினோ அதையே செய்தால் திக்கும், கரும்புகை கக்கும், சில சமயம் நின்றேவிடும். உயிர் போகிற நேரத்தில் விமானிகள் பாதி உருண்டு திரும்பி, பிறகு டைவ் அடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி தப்பிவிடுவான்.

ஏன் அப்படி? வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து வால்வை நினைச்சுக்கோங்க. தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும், வால்வு திறக்கும். கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரும் அதேதான். விமானம் சட்டென்று சாயும்போது நெகட்டிவ் ஜி-யில் பெட்ரோல் மேல்கூரைக்கு ஓடிவிடுகிறது. அடியில் உள்ள ஜெட் காற்றை இழுக்கிறது. கலவை லீன், இஞ்சின் ஒரு நொடி திணறும். அது சின்ன அடி. பெரிய அடி அடுத்தது. பெட்ரோல் மேலே போனதால் ஃப்ளோட் கீழே வந்து, வால்வு முழுசாகத் திறந்துகொள்கிறது. பம்ப் தன் முழு பலத்தோடு பெட்ரோலைக் கொட்ட, இஞ்சின் அதில் மூழ்கிவிடுகிறது. இது ரிச் கட்.

புது கார்புரேட்டர் வடிவமைக்க நேரமில்லை. ஷில்லிங் கேட்டுக்கொண்ட கேள்வி எளிமையானது: முழு த்ராட்டிலில் இந்த இஞ்சின் அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? அந்த அளவுக்கு மட்டும் வழிவிடும் ஒரு துளை போட்ட பித்தளைத் துண்டைக் குழாயில் வைத்தார். வால்வு எவ்வளவு திறந்தாலும் அதற்கு மேல் ஒரு சொட்டு வராது.

கேட்க சுலபமா இருக்கு, இல்லையா? துளை கொஞ்சம் பெரிசானா வெள்ளம் நிற்காது. கொஞ்சம் சின்னதானா, முழு பலத்தில் மேலேறும்போது கலவை லீன் ஆகி, நாக்கிங் வந்து பிஸ்டனே உருகலாம். அதனால்தான் பூஸ்ட் அளவுக்கு ஏற்ப இரண்டு அளவுகளில் செய்தார்கள்.

இன்னைக்கு ஈசியூ ரீமேப் பண்ணி, பூஸ்ட் ஏத்தி, காரைப் பறக்கவிடணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் இதே கணக்குதான். முழு லோடில் 14.7-ஐப் பிடிச்சுத் தொங்கக்கூடாது; டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் 12.5 முதல் 13-க்குள்தான் அதிக சக்தி தரும், டர்போவுக்கு இன்னும் கொஞ்சம் ரிச்சாக வைப்பார்கள். பூஸ்ட் ஏறும்போது இன்ஜெக்டரும் பம்பும் அதற்கு ஈடு கொடுக்குமா என்று முதலில் பார்க்கணும். வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் இல்லாமல், டைனோவில் ஏற்றாமல், யாரோ அனுப்பிய ஃபைலை ஏற்றி ஹைவேயில் சோதிப்பது டியூனிங் இல்லை, சூதாட்டம்.

1941 தொடக்கத்தில் ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய் அந்தத் துண்டுகளைப் பொருத்தினார். விமானத்தை வேலையிலிருந்து நிறுத்தவே தேவைப்படவில்லை. தலைகீழாகத் தொடர்ந்து பறக்க அது உதவாது. அதற்கு 1943 வாக்கில் வந்த புது வகை பிரஷர் கார்புரேட்டர்தான் தீர்வு. இடைப்பட்ட காலத்தை அந்தத் துண்டு தாங்கியது. விமானிகள் அதற்கு மிஸ் ஷில்லிங் பெயரையே வைத்தார்கள். அவருக்கு 1938-லேயே ஜார்ஜ் நெய்லருடன் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

போருக்குப் பிறகு அவர் இரண்டு சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்துக்கு மாறி, கணவரோடு கார் ரேஸில் இறங்கினார். 1967-ல் டான் கர்னியின் ஈகிள் ஃபார்முலா ஒன் கார் சூடேறித் தொல்லை கொடுத்தபோது யோசனை கேட்டு அவரை அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 58. 1969 வரை ஃபார்ன்பரோவிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றார், 1990-ல் காலமானார். லண்டன் அருகே ராயல் ஹாலோவே கல்லூரியில் பொறியியல் மாணவர்கள் படிக்கும் கட்டடத்துக்கு இப்போது அவர் பெயர்.